தமிழில் சொல்லிவிடுங்கள், அண்ணாச்சி

ஏட்டி,

நேற்றுக் காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே கைபேசியைத் திறந்தால், ஓய்வு பெற்ற டீச்சர்மார் குழுவில் உன் பெயரோடு ஒரு வரி. உன்னை ‘ரிமூவ்’ செய்துவிட்டார்களாம். எனக்கு வந்ததே கோபம்! குழுவை நடத்துகிறவளுக்கு அப்போதே போன் போட்டேன். “அவ இருந்த காலத்துல ஒரு குட்மார்னிங்கூடப் போட்டு உங்களைத் தொந்தரவு பண்ணல. போனப்புறம் என்ன பண்ணிருவான்னு தூக்கிட்டீங்க?” என்று கேட்டேன். அவள் பயந்துபோய், “இல்ல டீச்சர், அந்த நம்பரைக் கம்பெனிக்காரன் வேற யாருக்காவது குடுத்திருவான். நாம பேசுறதெல்லாம் அவன் பாப்பான்லா” என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். போனை வைத்துவிட்டேன். காப்பி ஆறிப்போயிருந்தது.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் உன்னிடம் சொல்லத்தான் முதலில் கை போனது. உன்னை நீக்கிய செய்தியை உன்னிடமே சொல்லி, “இதை எதுல சேக்கட்டும்?” என்று கேட்டிருப்பேன். நீயும் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு அதற்கு ஒரு இடம் சொல்லியிருப்பாய்.

சங்கரன்கோவிலில் நாம் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். நீ இங்கிலீஷ், நான் கணக்கு. எழுபதுகளின் பாதி அது. ஒரு மதியம் டீச்சர்மார் அறையில் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்புக்குக் காலையில் நடத்திய பாடத்தை எனக்கும் நடத்தினாய். எனக்குப் பசி, உனக்குப் பாடம். “பள்ளிக்கூடத்துல இருந்து தள்ளுனா எக்ஸ்பெல். வேலையில இருந்துன்னா டிஸ்மிஸ். வாடகை வீட்டுல இருந்துன்னா எவிக்ட். நாட்டை விட்டே தொரத்துனா டிபோர்ட். கிளப்புல ஒருத்தனைச் சேரவிடாம மறைவா ஓட்டுப் போட்டுக் கெடுத்தா பிளாக்பால்.”

“ஒரு மனுசனை வெளிய போடான்னு சொல்ல இவனுகளுக்கு இத்தனை வார்த்தை வேணுமாட்டி? கணக்குல பாரு, கழித்தலுக்கு ஒரே ஒரு கோடுதான்” என்றேன்.

“நமக்கு மட்டும் கொறச்சலா? தள்ளி வைக்கது, ஒதுக்கி வைக்கது, ஊர் விலக்கு, அன்னந்தண்ணி புழங்காம இருக்கது…” என்று விரலை மடக்கினாய். பிறகு, பாய்காட் என்பது ஒரு ஆளின் பெயர் என்றாய். ஊரே சேர்ந்து அவனிடம் வேலைக்குப் போகாமல், கடையில் சாமான் கொடுக்காமல் ஒதுக்கிவைத்ததாம். கடைசியில் அவன் பெயரையே அந்தக் காரியத்துக்கு வைத்துவிட்டார்களாம். ஆஸ்ட்ரசைஸ் என்ற வார்த்தைக்குள் உடைந்த பானை ஓட்டுச்சில்லு இருக்கிறது என்றாய். பழைய கிரேக்க தேசத்தில், ஊரை விட்டு அனுப்ப வேண்டியவன் பெயரைச் சில்லில் எழுதிப் போடுவார்களாம். “சில்லை வச்சு நாம பாண்டி ஆடுவோம், அவனுக ஆளையே வெளிய தள்ளியிருக்கானுக” என்றேன். நீ சிரித்த சிரிப்பில் மோர் மூக்கில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அது நமக்கு ஒரு விளையாட்டாகப் போயிற்று. செய்தித்தாளில் அப்படி ஒரு வார்த்தை கண்ணில் பட்டால், “வரிசைக்கு ஒண்ணு வந்திருக்கு” என்று சொல்லுவோம்.

அந்த வரிசையில் ஒன்று என் தலையிலேயே விழும் என்று யார் கண்டது?

என் வீட்டுக்காரர் இவரை நான் சந்தித்த கதை உனக்கு மனப்பாடம். ரத வீதியில் வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணமோ கருமாதியோ, ஆடித்தபசுக் கூட்டத்துக்கு அன்னதானமோ, அண்டாவும் குண்டானும் இவர் கடையிலிருந்துதான் போகும். பள்ளி ஆண்டு விழாவுக்கு எடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, ஒரு கரண்டி குறைகிறது என்று அவரும் குறையவில்லை என்று நானும் நடுத்தெருவில் சண்டை போட்டோம். “கரண்டிக்காகவா இம்புட்டு நேரம் நின்னு பேசுதீங்க ரெண்டு பேரும்?” என்று நீதான் முதலில் மோப்பம் பிடித்தாய். அவர் கோமதி அம்மன் சந்நிதிக்குப் போகிறவர், நான் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தோடு ஆலயத்துக்குப் போகிறவள். பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் முடித்தோம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நீ. அவர் வீட்டில் கொஞ்ச நாள் குதித்தார்கள், பிறகு அடங்கிவிட்டார்கள். நம் பக்கம் குதிக்கவே இல்லை. கூட்டம் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டிச் செயலர் அறிவிப்புகளை வாசித்தார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சின்ன வயதில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தவர். ஆலயத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம் என்றைக்கு, யார் வீட்டு ஆடு நேர்ச்சையாக வருகிறது, விறகு யார் பொறுப்பு, எல்லாம் நல்ல தமிழில் வாசித்தார். கடைசியில் என் பெயரைச் சொல்லி ஒரே ஒரு வாக்கியம், இங்கிலீஷில். ‘சஸ்பெண்டெட்’ என்று அதில் ஒரு வார்த்தை. திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது, சரி, அதற்கு ஏதோ சட்டம் இருக்கிறது. அசனத்திலும் உட்காரக் கூடாது என்பது நம் கமிட்டி தன் சொந்தச் செலவில் சேர்த்துக்கொண்டது. வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். “ஏளா, உம் பேரைச் சொல்லி இங்கிலீஷ்ல என்னமோ வாசிச்சானே, என்ன அது?” நான், “ஒண்ணுமில்லம்மா, பள்ளிக்கூடத்துக் காரியம்” என்று புளுகினேன். பின்னால் நீ நின்றாய். உன் முகம் சிவந்திருந்தது.

திருவிருந்து கிடைக்காததற்காக நான் அழவில்லை, அது உனக்குத் தெரியும். எனக்கு அம்மாவை நினைத்துத்தான் பயம். அப்பா போனபிறகு அவளுக்கு அந்த ஆலயம்தான் தாய்வீடு. நான் இல்லாமல் அவள் அசனத்தில் உட்கார்ந்தால் மகளை விட்டுக்கொடுத்த மாதிரி. உட்காராமல் வீட்டில் இருந்தால் ஆலயத்தை விட்ட மாதிரி. இந்த வயதில் அவளை இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்களே என்று உன் மடியில் தலையை வைத்து அழுதேன். நீ ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. “அவரு ஏன் அதை மட்டும் இங்கிலீஷ்ல வாசிச்சாரு?” என்று மட்டும் கேட்டாய். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், நீ பாடம் நடத்துகிறாயா என்று கத்தினேன்.

அசனத்தன்று காலையில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சமையலுக்கு அண்டா இவர் கடையிலிருந்துதான் வரவேண்டும், ஊரில் வேறு கடை ஏது? கடையின் பெயர் பொறித்த அண்டாக்களும் குத்துப்போணிகளும் மாட்டுவண்டியில் ஆலய வளாகத்துக்குள் ஜம்மென்று போயின. பாத்திரம் உள்ளே போகலாம், பாத்திரக்காரன் பெண்டாட்டி போகக்கூடாது. இவர் வண்டியை நிறுத்திவிட்டு, “நான் இறக்கிப் போட்டுட்டு ஓரமா இருக்கேன். நீ அத்தையை உள்ள விட்டுட்டு வா” என்றார். அம்மா வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். காரணம் தெரியாமலே அவளுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். “நீயும் வாறதா இருந்தா வாரேன்” என்றாள். நானும் வருகிறேன் என்று சொல்லிக் கூட்டிவந்து, பெண்கள் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று நழுவிப் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றேன்.

வீடு வீடாகச் சேர்த்த கைப்பிடி அரிசி, ஒரே உலை, ஒரே கறிக்குழம்பு. பெண்களும் பிள்ளைகளும் முதல் பந்தி. பெண்கள் சங்கத்துச் செயலாளர் நீ என்பதால், அந்தப் பந்திக்கு ஜெபம் செய்கிறவளும் நீ. அது நீ ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய பொறுப்பு. முதலில் மூன்று கேள்வி கேட்பாய், பெண்கள் எல்லாம் சேர்ந்து பதில் சொல்வார்கள். நம் ஊரில் அது வழக்கம்.

“எல்லாருக்கும் இலை போட்டாச்சா?”

“போட்டாச்சு!”

“சோறு வந்துட்டா?”

“வந்துட்டு!”

“எல்லாரும் உக்காந்தாச்சா?”

“உக்காந்தாச்சு!”

இதைச் சொன்னதும் நீ கண்ணை மூடுவாய், பந்தியும் கண்ணை மூடும். அன்றைக்கு எல்லாரும் மூடினார்கள். நீ மூடவில்லை. “உக்காரலையே” என்றாய். மூடிய கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நீ மரத்தடியைப் பார்த்தாய், பந்தி முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்த நிமிடம் உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே! ஓடிவிடலாம் என்றால், அம்மா பந்தியில் இருக்கிறாள்.

அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். “என்ன டீச்சர், சோறு ஆறுது. ஜெபத்தைப் பண்ணுங்க.”

“ஒரு ஆளு நிக்காங்க அண்ணாச்சி.”

“அதான் வாசிச்சாச்சுலா. சஸ்பென்ஷன்ல இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?”

“எனக்குத் தெரியும். நான் இங்கிலீஷ் டீச்சர். இவங்க அம்மாவுக்குத் தெரியாது. அவங்களுக்கு நீங்க வாசிச்சதைத் தமிழ்ல சொல்லிருங்க. சொன்ன உடனே நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணுதேன்.”

நீ குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பையனிடம் “எந்திரிச்சு நின்னு சொல்லு” என்று சொல்வாயே, அதே குரல்தான்.  பந்தியில் ஒரு குழந்தை “எம்மா, பசிக்கி” என்றது. அம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “என்னய்யா தம்பி, எனக்கு என்ன சொல்லணும்? சொல்லு.”

“அக்கா… அது வந்து… உங்க மக…”

தமிழில் அதற்கு ஒரே வாக்கியம்தான் இருந்தது. உங்கள் மகள் எங்களோடு உட்கார்ந்து சோறு தின்னக்கூடாது. அந்த வாக்கியம் அவர் தொண்டை வரை வந்ததை நான் மரத்தடியிலிருந்தே பார்த்தேன். வாயைத் திறந்தார், மூடினார். எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த மனிதர், பாவம். அம்மா வேறு, “மெதுவாச் சொல்லுய்யா, வேர்க்குது பாரு உனக்கு” என்றாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இது நான் தனியா எடுத்ததில்ல, கமிட்டித் தீர்மானம்” என்றார்.

“தீர்மானத்தையே சொல்லுங்க, அண்ணாச்சி. தமிழ்ல.”

கமிட்டிக்காரர்கள் நாலு பேர் பக்கத்தில்தான் நின்றார்கள். அத்தனை பேருக்கும் திடீரென்று குழம்பு அண்டாவுக்குள் எட்டிப் பார்க்க வேலை வந்துவிட்டது. அண்ணாச்சி அவர்களைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். “எப்படியும் போங்க! எனக்கென்ன வந்துச்சு” என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் விடுவிடென்று நடந்துபோனார்.

நீ என் பக்கம் திரும்பினாய். “ஏட்டி, உனக்குத் தனியா வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா? வந்து உக்காரு.”

வந்தேன். எனக்கு இலை இல்லை. அம்மா தன் இலையை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டாள். நீ கண்ணை மூடினாய். யாரையாவது குத்திக்காட்டி நாலு வார்த்தை ஜெபத்தில் சேர்ப்பாய் என்று நினைத்தேன், நானாக இருந்தால் சேர்த்திருப்பேன். நீ தந்த ஆகாரத்துக்கு ஸ்தோத்திரம், சமைத்த கைகளை ஆசீர்வதியும், ஆமென். அவ்வளவுதான். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்ததும் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பரிமாறின பெண் குனிந்து, “காரம் சாஸ்தியாக்கா?” என்று கேட்டாள்.

அடுத்த மாதமே உன் பொறுப்பைப் பறித்துவிட்டார்கள். அதற்கும் தமிழ் கிடைக்கவில்லை, ‘ரிலீவ்டு’ என்று வாசித்தார்கள். “பாத்தியா, இதை நம்ம வரிசையில சேக்காம விட்டுட்டமே! கேட்டா எனக்கு என்னமோ சுமையை இறக்கி வச்ச மாதிரில்லா இருக்கு” என்று சிரித்தாய். அடுத்த அசனத்தில் வேறொருத்தி எழுந்து அந்த மூன்று கேள்விகளைக் கேட்டபோது உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் உதடும் கூடவே அசைந்தது. அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை ஒரு வருடம் கழித்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். உனக்கு அந்தப் பொறுப்பு கடைசி வரை திரும்பி வரவே இல்லை. ஒருநாள்கூட அதை நீ எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை.

உன் வழி எல்லா இடத்திலும் பலிக்கும் என்று நம்பி நான் ஒருமுறை மூக்குடைபட்டேன், ஞாபகம் இருக்கிறதா? எண்பதுகளின் நடுவில், இன்னொரு பள்ளிக்கூடத்தில் நான் தலைமையாசிரியை. பத்தாம் வகுப்பில் தேறமாட்டாள் என்று ஒரு பெண்ணுக்கு டிசி கொடுத்து அனுப்பிவிட நிர்வாகி சொன்னார். ராயகிரிப் பக்கத்து விவசாயி ஒருவருடைய மகள். “டிஸ்கன்டின்யூடுன்னு போட்டுருங்க” என்றார். எனக்கு உடனே உன் ஞாபகம். அந்தத் தகப்பனை வரவழைத்து நிர்வாகிக்கு எதிரில் உட்காரவைத்து, “இவருக்குத் தமிழ்ல சொல்லிருங்க சார்” என்றேன். அந்த ஆள் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: “உம் பொண்ணு இருந்தா எங்க ரிசல்ட்டு கெட்டுப்போகும். கூட்டிட்டுப் போயிரும்.”

பஸ் ஏறி நேரே உன் வீட்டுக்குத்தான் வந்தேன். அண்ணாச்சிக்கு வராத வார்த்தை இந்த ஆளுக்கு எப்படி வந்தது என்று உன் அடுப்படியில் நின்று கத்தினேன். நீ காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாய்: “டிஸ்கன்டின்யூன்னு தாள்ல இருந்தா அந்த மனுசன் என்ன நெனச்சிருப்பாரு?”

“பிள்ளை தானா நின்னுட்டான்னு.”

“இப்ப?”

இப்போது அவருக்கு யார் நிறுத்துகிறார்கள் என்று தெரியும். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் விடிந்ததும் அவர் நிர்வாகி வீட்டு வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். “எம் பிள்ளையைப் போகச் சொன்னவரு இவருதான்” என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார். நிர்வாகி மானம் போகிறதே என்று இறங்கிவந்தார். அந்தப் பெண் இருந்து படித்தது. பரீட்சையில் தோற்றது, அது வேறு விஷயம். அடுத்த தடவை எழுதித் தேறிவிட்டது.

வேலையில் இருந்த காலம் முழுக்க, யாரையாவது வெளியே அனுப்புகிற தாள் மேசைக்கு வந்தால் நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்குக் கெட்ட பெயர்தான். சிலர் சொன்னார்கள், பலர் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கும் எங்கள் காலனிச் சங்கத்தில் நான் கையைத் தூக்கினால், “வந்துட்டாங்க, தமிழ்ல சொல்லணும்” என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

நீ போவதற்கு முந்தைய வாரம் உன்னைப் பார்க்க வந்தேன். உன்னால் ரொம்ப நேரம் உட்கார முடியவில்லை. அந்த அசனத்துக் காரியத்தை உன்னிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். கிளம்பும்போது வாசலில் நின்று, இரவல் குடையைத் திருப்பிக் கொடுக்கிறவள் மாதிரி, “தேங்க்ஸ்டி” என்றேன். “எதுக்குட்டி?” என்று கேட்டாய். “சும்மாதான்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தமிழில் தொண்டை வரைக்கும் வந்தது, வாய்க்கு வரவில்லை. அண்ணாச்சியைப் பார்த்து நாம் எவ்வளவு சிரித்திருப்போம்!

அதனால் இப்போது சொல்லுதேன், கேட்டுக்கோ. அன்னைக்கு நீ எல்லாரையும் போலக் கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணியிருந்தா ஒருத்தரும் உன்னைக் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. நானே சொல்லியிருக்க மாட்டேன். நீ மூடல. அதனால எங்கம்மா சாகிற வரைக்கும் நம்ம ஆலயத்துக்கும் போனா, எங்கூடவும் இருந்தா. ரெண்டுல எது வேணும்னு அவகிட்ட ஒருத்தரும் கேக்கவே இல்ல. அது நீ எனக்குத் தந்தது, ஏட்டி. உனக்கு நன்றி சொல்லுதேன்.